அத்தையின் விரல் நுனி

கேள்வி: கதை எழுதுகிறேன். வீட்டில் "ஊரோடு ஒத்துப் போ" என்கிறார்கள். எல்லோரும் நினைப்பதையே நானும் நினைக்கும்படி ஊர் என்னை அமுக்குகிறது. சென்னைக்குப் போய்விட்டால்தான் என் தனித்தன்மை தப்பிக்குமா? மூன்று கதைகள் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: கதைகளை இரண்டு முறை படித்தேன். மூன்றிலும் ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறாள். மூன்றிலும் கடைசியில் மழை பெய்கிறது. இதையெல்லாம் வீட்டாரா எழுதச் சொன்னார்கள்? பத்திரிகைக் கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எப்போதோ படித்து உங்கள் மனசில் தங்கிப்போனது இது. சென்னைக்கு ரயில் ஏறினால் கிழவியும் கூடவே வருவாள்.

குடியாத்தத்தில் இருந்துகொண்டு, லுங்கித் தறியின் சத்தம் ஒரு வரியில்கூட இல்லாமல் எப்படி எழுத முடிந்தது? வைகாசியில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்க்க ஊரே தெருவில் நிற்குமே, அந்த நெரிசலில் நீங்கள் நின்றதே இல்லையா?

ஆனால் மூன்றாவது கதையில் ஓர் இடம் இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டும் அத்தை, ராத்திரி வேலை முடிந்ததும் விரல் நுனியில் காய்ந்த பசையை உரிக்கிறாள். உரிந்த பசையில் அவள் ரேகை பதிந்திருக்கிறது. அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, நீங்களே பார்த்தது. தாளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நீங்களோ அடுத்த வரியிலேயே கிழவியிடம் ஓடிவிட்டீர்கள். எனக்குக் கோபமே வந்தது.

ஏன் ஓடினீர்கள் என்றும் தெரிகிறது. 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். எந்தக் கோடு எந்தக் கோட்டின் அளவு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பாகச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே போதும், அந்தத் தவறுகள் கால்வாசியாகக் குறைந்தன. உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். அது அத்தையாகவே இருக்கலாம். அந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டினீர்களா?

கல்யாணம், வேலை, நல்லது கெட்டது பற்றி வீட்டார் சொல்கிறார்கள் என்றால் அது வேறு வழக்கு. அதை நீங்களும் அவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சென்னை ரயில் சோளிங்கரைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் அங்கே இறங்கி மகேந்திரவாடிக்குப் போய் வாருங்கள். கோயிலைச் செங்கல்லும் மரமும் கொண்டு கட்டிவந்த 7-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே தனியாக நின்ற ஒரு பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் ஆக்கினான். விசித்திரசித்தன், அதாவது புதுமை நாடும் மனத்தான் என்று பட்டம் வைத்துக்கொண்டவன். அங்கே தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. மரத்தூண் செதுக்கும் தச்சரின் வாகு அது. புது வழியில் இறங்கியவன், பழகிய கையைக் கல்லுக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறான். உங்கள் தெருவில் தறி ஓட்டுகிற கையும் பெட்டி ஒட்டுகிற கையும் உங்களுக்கு அப்படித்தான்.

கிழவியையும் மழையையும் எடுத்துவிடுங்கள். மூன்றாவது கதையை அத்தையின் விரல் நுனியில் ஆரம்பித்து எழுதி அனுப்புங்கள். நானே படிக்கிறேன்.