கார்ட் டேவா, ஹோலோ மேயா?
கார்ட் நிறுவனத்தின் டேவ், ஹோலோ நிறுவனத்தின் மே, இந்த இரண்டில் எந்த டாக் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கலாம் என்கிறீர்கள். உள்ளே இரண்டும் வேறு வேறு ரகம். டேவில் கடையில் கிடைக்கும் டாக் சிப்பே கிடையாது. ராப் வாட்ஸ் வடிவமைத்த ஃபில்டர் ஒரு எஃப்பிஜிஏவில் (வேண்டியபடி நிரல் ஏற்றிக்கொள்ளும் சிப்) ஓடுகிறது, 1,64,000 டேப், அதாவது ஃபில்டரின் கணக்குப் படிகள். மே பழைய வழி: ரெசிஸ்டர்களை ஏணிபோல் அடுக்கிய ஆர்2ஆர், பவர் சப்ளைக்குத் தனிப் பெட்டி, வேண்டுமென்றால் ஓவர்சாம்ப்ளிங் (இடையிடையே கூடுதல் சாம்பிள்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) இல்லாமலும் கேட்கலாம்.

சரி, காதுக்கு எப்படி? வோல்ட்மீட்டர் வைத்து இரண்டின் சத்த அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தாமல் மாற்றி மாற்றிக் கேட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் தெளிவாகத் தோன்றும் (ஒரு மாலை முழுக்க நானே இப்படி ஏமாந்தேன்). சமப்படுத்தினால் வித்தியாசம் நூலிழைதான். அதனால் வசதியைப் பாருங்கள்: ஹெட்ஃபோனை நேராகச் செருக டேவில் முன்பக்கமே ஜாக் உண்டு, மேவுக்குத் தனி ஆம்ப் வேண்டும்.