42 ரூபாய் அடக்கம், 38 ரூபாய் ஆர்டர்: எடுக்கலாமா?

வணக்கம். மாதம் 3,000 சட்டை தைக்கிறீர்கள், ஒரு சட்டைக்கு அடக்கச் செலவு 42 ரூபாய். புதிதாக வந்த 1,000 சட்டை ஆர்டருக்கு 38 தான் தருகிறார்கள், டெய்லர் கூலியில் 4 ரூபாய் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கூலியைத் தொடாதீர்கள். முதலில் அந்த 42-ஐப் பிரித்துப் பாருங்கள். வாடகையும் மெஷின் தவணையும் 36,000 என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டைக்கு 12 ரூபாய். இந்த ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் அது போகிற பணம். ஒரு சட்டை கூடினால் கூடுகிற செலவு கூலி 22, நூல், பொத்தான், மின்சாரம் 8, ஆக 30 தான். 38-க்குத் தைத்தாலும் 8,000 ரூபாய் கையில் நிற்கும்.

மெஷின்கள் சும்மா நிற்கும் நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு. இரவில் இரட்டைக் கூலி கொடுத்துத் தைத்தால் செலவு 52 ஆகிவிடும், விட்டுவிடுங்கள். எல்லா ஆர்டரும் 38-க்கு இறங்கினாலும் ஆபத்து: 4,000 சட்டை தைத்து 32,000 தான் மிஞ்சும், வாடகைக்கும் தவணைக்கும் போதாது.

கூலிக்கு வருகிறேன். 1913-இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் ஆலையில் ஏறக்குறைய 14,000 வேலைகளை நிரப்ப 50,000-க்கும் மேற்பட்டோரை எடுக்க வேண்டியிருந்தது; அவ்வளவு பேர் விலகினார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலியை 5 டாலராக, ஏறக்குறைய இரட்டிப்பாக்கியதும் விலகல் வெகுவாகக் குறைந்தது. எங்கள் யூனிட்டில் காலர் தைப்பவர் 3 ரூபாய்க்காகப் பக்கத்துத் தெருவுக்குப் போனார். புதியவர் தைத்த காலர்களில் இரு முனையும் ஒத்துவரவில்லை. இரண்டு வாரம் பிரித்துப் பிரித்துத் தைத்தோம்.

பகலில் எத்தனை மணி நேரம் மெஷின்கள் காலியாக இருக்கின்றன? அதை எழுதுங்கள், ஆர்டரில் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்ப்போம்.