தப்பு அடிக்கட்டும், கைக்காசுக்கு வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதிய மகன் நுவரெலியா ஹோட்டலில் தப்பு மேளம் அடிக்கப் போகிறேன் என்கிறான், இதற்கா படிக்க வைத்தேன் என்று கேட்டிருந்தீர்கள். சாவு வீட்டு மேளம் என்று பக்கத்து லயத்து வீடுகளில் பேசுவதும் உறுத்துகிறது போல. அதை விடுங்கள். மாசியில் நம் தோட்டத்துக் காமன் கூத்துத் திருவிழா வந்தால் அவர்களுக்கும் அதே தப்புதான் வேண்டும். என் கவலை வேறு.

புத்தகத்தில் பேர் போடுகிற வேலைக்கும், பேர் பதியாமல் அன்றன்றே காசைக் கையில் தருகிற கைக்காசு வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று கொழுந்து பறிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் வந்த ஆட்டக்காரப் பிள்ளைகள் எல்லாருமே ஹோட்டலில் கைக்காசுதான். ஹோட்டல், ஆட்டக் குழுவின் தலைவரிடம் காசைக் கொடுக்கும், அவர் வேன் கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பிரிப்பார். ஹோட்டல் புத்தகத்தில் பிள்ளையின் பெயரே இருக்காது.

ஒரு தடவை அப்படி ஒரு பையனைப் பார்க்கப் போனேன். பனியில் தோல் தொய்ந்துவிடும் அல்லவா, குசினிக்குப் பின்னால் காட்போட் பெட்டியை எரித்துத் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்கள் வந்து சேர இரண்டு மணித்தியாலம். அதற்குள் மூன்று தடவை காய்ச்சிவிட்டான். அடித்தது இருபது நிமிடம், காசும் அந்த இருபது நிமிடத்துக்குத்தான். பக்கத்தில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கும் அதே வயது. அவனுக்குச் சம்பளச் சிட்டை உண்டு.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று ஒவ்வொரு தடவையும் இந்தப் பிள்ளைகளுக்கு ஃபோன் வருவது நின்றது. வேலை போனதற்கு ஒரு கடிதம்கூட இல்லை.

ஆகவே மகன் முதலில் கேட்க வேண்டியது, என்னை வேலைக்கு எடுப்பது ஹோட்டலா, குழுவா என்பது. ஹோட்டல் நேரடியாக எடுத்தால், தற்காலிகம், நாள் சம்பளம் என்று என்ன பெயர் வைத்தாலும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். சம்பளத்தில் முதலாளி 12 சதவீதம், இவன் 8. ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதம், அது முழுக்க முதலாளி கட்டுவது. தட்டிக்கழித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். குழு மூலம் என்றால் திகதி, இடம், பேசிய காசு மூன்றையும் தலைவர் வாட்ஸ்அப்பிலாவது அனுப்பட்டும். வாய்ப் பேச்சை நம்பிப் போக வேண்டாம்.

அப்புறம், பகலுக்கு ஒரு வேலை. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியிலும் பண்டாரவளையிலும் கிளை இருக்கிறது. சமையலோ வரவேற்பு மேசையோ, ஒரு சான்றிதழ் எடுத்தால் அதே ஹோட்டலுக்குள் மாதச் சம்பளத்தோடு நுழையலாம். மாலையில் தப்பு. சிங்களமும் ஆங்கிலமும் ஓரளவு வருமென்றால், சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் யோசிக்கலாம். காமன் கூத்தை வெள்ளைக்காரருக்கு விளக்க இவனைவிட யார்?

சனிக்கிழமை பெறுபேற்றுச் சீட்டோடு வரச் சொல்லுங்கள். குழுத் தலைவரின் நம்பரையும் எழுதிக்கொண்டு வரட்டும், நானே பேசிப் பார்க்கிறேன்.