எங்கே எழுதுவது?

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு சிறிய ஸ்டார்ட்அப் நிறுவனத்தில் வெப் டெவலப்பராக இருக்கிறேன். சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றாடம் கற்றுக்கொள்வதைத் தமிழில் எழுதிவைக்க ஆசை. கூட்டம் இருக்கும் சமூக வலைத்தளத்தில் எழுது என்கிறார் ஒரு நண்பர். இப்போது யார் படிக்கிறார்கள், வீடியோ போடு என்கிறார் இன்னொருவர். அலுவலகத் தோழர் ஒருவரோ, தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று நாமே ஒரு தளம் தொடங்கி முதலீடு தேடலாம் என்கிறார். நீங்கள் பல ஆண்டுகளாகச் சொந்தத் தளத்தில் மட்டுமே எழுதுகிறீர்கள். ஏன்?

ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச.,

நானும் முதலில் இலவசமாக இடம் தந்த ஒரு சேவையில்தான் எழுதினேன், மூன்று ஆண்டுகள். ஒருநாள் அதை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது. முப்பது நாள் கெடு. அந்த மாதம் அப்பா மருத்துவமனையில் இருந்தார். நான் மின்னஞ்சலைத் திறந்தபோது கெடு முடிந்திருந்தது. கட்டுரைகளில் பாதி என் கணினியில் இருந்தது. பின்னூட்டங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், எழுத்துரு மாற்றி ஒன்றில் நான் செய்திருந்த பிழையை வரிவரியாக விளக்கி, என் கட்டுரையைவிட நீளமாக எழுதியிருந்தார். அதை இழந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அங்கிருந்து தொடங்குகிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஜியோசிட்டீஸ் என்ற இலவசச் சேவையை யாஹூ 1999இல் முன்னூறு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. பத்தே ஆண்டுகளில், 2009 அக்டோபரில், மூடியது. லட்சக்கணக்கானவர்களின் முதல் இணையப் பக்கம் அங்கேதான் இருந்தது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு அவசர அவசரமாக நகலெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. அத்தனை பெரிய விலை கொடுத்து வாங்கியவர்களாலேயே பத்தாண்டு காப்பாற்ற முடியாத இடத்தை, இலவசமாக எழுதிக்கொண்டிருந்த நாம் நம்பியிருந்தோம்.

பிளாக்கர் என்ற வலைப்பதிவுக் கருவியின் கதையை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் மூன்று நண்பர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது. எவன் வில்லியம்ஸும் மெக் ஹூரிஹானும் தொடங்கிய பைரா லேப்ஸ், குழுவாக வேலை செய்பவர்களுக்கான திட்டமிடல் மென்பொருளைத்தான் செய்யப் புறப்பட்டது. தங்கள் குறிப்புகளை எளிதில் வெளியிட உள்ளுக்குள் செய்துகொண்ட சிறு கருவியை 1999 ஆகஸ்டில் பொதுவில் விட்டார்கள். அதுதான் பிளாக்கர். மக்கள் வந்து குவிந்தார்கள், பணம் வரவில்லை. 2001 தொடக்கத்தில் கையிருப்பு தீர்ந்தது. தளத்தைத் தாங்கும் சர்வர் கணினி வாங்க வாசகர்களிடமே நன்கொடை கேட்கும் நிலை வந்திருந்தது. ஊழியர்கள் எல்லோரும் வெளியேற, வில்லியம்ஸ் ஒற்றை ஆளாக அதை ஓட்டினார். தனிக்கணினிகளுக்கான முதல் விரிதாள் (கணக்குப் போடும் அட்டவணை மென்பொருள்) விசிகால்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான டேன் பிரிக்லினின் நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம் மூச்சுவிட இடம் கொடுத்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. நம்மில் பலர் தமிழில் எழுதத் தொடங்கிய வலைப்பூக்களும், அவற்றைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளும், இப்படி ஒருவர் விடாப்பிடியாக நின்றதால் தப்பிய கருவியின் தோளில் ஏறித்தான் வந்தன.

ஒரு டெவலப்பராக நான் இதில் வியப்பது வேறு ஒன்றை. தொடக்கத்தில் பிளாக்கர் உங்கள் எழுத்தைத் தன்னிடம் மட்டுமே வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதி முடித்ததும் அதை எச்டிஎம்எல் என்ற இணையப் பக்கக் கோப்பாக ஆக்கி, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி வழியாக உங்கள் சொந்த சர்வரில் கொண்டுபோய் வைத்தது. பிளாக்ஸ்பாட் என்ற இலவச இடம் பிறகுதான் வந்தது. பணம் தீர்ந்த அந்த ஜனவரியில் பைரா லேப்ஸ் மூடப்பட்டிருந்தால், சொந்த சர்வரில் பக்கங்களை வைத்திருந்தவர்களுக்கு ஒரு கருவி போயிருக்கும், ஒரு வரிகூடப் போயிருக்காது. எழுதும் கருவி வேறு, எழுத்து இருக்கும் இடம் வேறு என்ற அந்தப் பிரிவினையை நான் மிகவும் மதிக்கிறேன். 2010இல் எஃப்டிபி வசதியை நிறுத்தினார்கள். அதற்குள் இலவச இடமே எல்லோருக்கும் பழகியிருந்தது.

ஆகவே என் விடை இது: கருவியை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இடம் உங்கள் பெயரில் இருக்கட்டும். டொமைன் என்ற இணைய முகவரிப் பெயரும் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிப்பதுதான், முழுச் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் சர்வரை மாற்றினாலும் முகவரி மாறாது. உங்களுக்கு வரும் இணைப்புகள் உடையாது. பதிவு செய்யும்போது அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், வேலையை விடும் நாளில் முகவரியும் கைவிட்டுப் போகும்.

வாசகர் எப்படி வருவார் என்பது நியாயமான கவலை. புதிய பதிவுகளைத் தானாகவே வாசகரிடம் சேர்க்கும் ஆர்எஸ்எஸ் செய்தியோடை இருந்தால், ஒருமுறை வந்தவர் இடையில் யாருடைய தயவும் இல்லாமல் உங்களைத் தொடரலாம். அந்த ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது பலர் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள், அது பெரிய இழப்பு. ஆனால் ஓடைகள் வற்றவில்லை. பாட்காஸ்ட்கள் இன்றும் பெரும்பாலும் அதே ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் போய்ச் சேர்கின்றன. சமூக வலைத்தளத்தில் இணைப்பைத் தாராளமாகப் போடுங்கள், மூலம் உங்களிடம் இருக்கட்டும். வீடியோ நன்றாகச் செய்ய வருமென்றால் செய்யுங்கள். அதில் பேசியதை எழுத்திலும் போட்டுவையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பிழைச்செய்தி ஒன்றை அப்படியே தேடுபெட்டியில் ஒட்டித் தேடுகிறவருக்கு எழுத்துதான் உதவும். அப்படித் தேடி, முன்பின் தெரியாத யாரோ பத்தாண்டுக்கு முன் எழுதிய நான்கு வரியால் நான் எத்தனையோ இரவுகள் தூங்கப் போயிருக்கிறேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதல் பாடம் உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் பரவுவதற்கு முன், எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் குறியாக்கம் திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொன்றாக இருந்தது. அந்தக் காலப் பக்கங்கள் இன்று திறந்தால் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். ஆனால் கோப்பு கையில் இருந்தால் மீட்டுவிடலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் இருந்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது, கோப்புகள் அவர்களிடம் இருந்ததால்தான். எந்த மாற்றியாலும் இல்லாத கோப்பை மாற்ற முடியாது. உங்கள் கட்டுரைகளை வெறும் உரைக்கோப்புகளாகவும் சேமித்து வையுங்கள்.

இனி ஸ்டார்ட்அப் யோசனை. உங்கள் தோழரின் ஆர்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை. முதலீட்டாளரிடம் போகுமுன் அவரோடு உட்கார்ந்து டெலிஷியஸின் கதையைப் பேசுங்கள். இணையப் பக்கங்களைக் குறித்துவைக்கும் அந்தத் தளம் 2003இல் வந்தது, 2005இல் யாஹூ வாங்கியது, பிறகு அலட்சியத்தில் வாடியது, இரண்டு மூன்று கைகள் மாறியது. 2009இல் மாசேய் செக்லோவ்ஸ்கி என்ற டெவலப்பர் அதே வேலையைச் செய்யும் பின்போர்டைத் தொடங்கினார். முதலீடு வாங்கவில்லை. சேருகிறவர்களிடம் தொடக்கத்திலிருந்தே சிறு கட்டணம் வாங்கினார். ஆள் சேரச் சேரக் கட்டணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 2017இல் அவரே டெலிஷியஸை 35,000 டாலருக்கு வாங்கி, பழைய பக்கங்கள் அழியாமல் வைத்தார். தமிழில் எழுதுகிறவர்கள் கட்டணம் தருவார்களா என்று தோழர் கேட்பார். ஐம்பது பேரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தர மாட்டார்கள் என்றால், முதலீட்டாளரின் பணம் தீரும் நாளில் அந்தத் தளத்தை யார் காப்பாற்றுவார்கள்? அப்படியும் தொடங்குவதென்றால், எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்ளும் வசதியை முதல் நாளே எழுதிவிடுங்கள். பதிவர்கள் உங்களிடம் ஒப்படைப்பது அவர்களுடைய ஆண்டுகளை.

கைவிடப்பட்ட மென்பொருள்கூடப் பிழைத்ததற்கு வேர்ட்பிரஸ் சாட்சி. பி2 என்ற வலைப்பதிவுக் கருவியின் ஆசிரியர் அதைத் தொடராமல் விட்டபோது, பத்தொன்பது வயது மேட் முல்லன்வெக் தன் வலைப்பதிவில் அந்தக் கவலையை எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில், நானும் சேர்கிறேன் என்று பின்னூட்டம் இட்டார். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற திறந்த உரிமம் அதற்கு இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. ஒரு பதிவு, ஒரு பின்னூட்டம். என் யாழ்ப்பாண வாசகரின் பின்னூட்டத்தை நான் ஏன் இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்கு இப்போது புரியும்.

இந்த வாரம் எந்தப் பிழை உங்களைப் பாதி நாள் நிறுத்திவைத்ததோ அதிலிருந்து தொடங்குங்கள். பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் வந்தபடியே கொடுங்கள், விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். நிறுவனத்தின் நிரலையும் வாடிக்கையாளர் விவரத்தையும் வெளியே சொல்லாதீர்கள், பிரச்சினையின் சாரம் போதும். டொமைன் வாங்கியதும் முகவரியை அனுப்புங்கள். என் செய்தியோடையில் சேர்த்துக்கொள்கிறேன், முதல் பின்னூட்டமும் நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா