கேப்போவும் ஆறரைக் கட்டையும்

அண்ணா வணக்கம்,

கோவைலேர்ந்து எழுதறேன். ஆறு மாசம் முன்னாடி 42,000 ரூபா போட்டு ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். கூட, கழுத்துல மாட்டி ஆறு கம்பியையும் அமுக்கி சுருதி ஏத்தற ஸ்பிரிங் கேப்போ ஒண்ணு ஃப்ரீயா குடுத்தாங்க. போன வாரம் துடைக்கறப்ப பாத்தா மூணாவது ஃப்ரெட்ல, அதான் கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கம்பில, முதல் கம்பிக்கும் ரெண்டாவது கம்பிக்கும் கீழ மெல்லிசா பள்ளம் விழுந்திருக்கு. கேப்போ போட்டா ஃப்ரெட்டு தேஞ்சிடும்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றார். பயந்துபோய் கழட்டி வெச்சுட்டேன். என் மனைவி நல்லா பாடுவாங்க, அவங்க சுருதி ஆறரைக் கட்டை. இப்ப கேப்போ இல்லாததால ஜி-யிலயே, அதான் அஞ்சு கட்டைலயே, பாடச் சொல்லியிருக்கேன். கீழ வர்றப்ப குரல் நிக்கலங்கறாங்க, போகப்போக பழகிடும். ஃப்ரெட் தேயாம இருக்க எந்த கேப்போ வாங்கலாம்? ஸ்பிரிங்கா, ஸ்க்ரூவா, எலாஸ்டிக்கா? இல்ல, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டா மாத்திடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

---

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு காலைலதான் என் பழைய கிட்டார வாங்கிட்டு வந்தேன், ரெண்டாவது தடவையா ஃப்ரெட் மாத்தி. வேலை பாத்தவர் கழட்டின பழைய ஃப்ரெட்டையெல்லாம் தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டுக் குடுத்திருந்தார். இப்பவும் மேசை மேலதான் கிடக்கு. ஒண்ண எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா, முதல் கம்பி உக்கார்ற இடத்துல நகத்தால கீறின மாதிரி ஒரு வாய்க்கால், பக்கத்துல ரெண்டாவது கம்பிக்கு இன்னொண்ணு, அதுக்கப்புறம் ஆறாவது கம்பி வரைக்கும் கிட்டத்தட்ட வழவழன்னு இருக்கு. அதான் உங்க கடிதத்துக்கு உடனே பதில் எழுதணும்னு தோணிச்சு, இல்லன்னா வழக்கம்போல ரெண்டு மாசம் ஆகியிருக்கும்.

முதல்ல அந்தப் பள்ளத்தப் பத்தி சொல்லிடறேன். கேப்போ ஆறு கம்பியையும் சேத்து அமுக்கற சாமான். அதுதான் காரணம்னா மூணாவது, நாலாவது கம்பிக்குக் கீழயும் ஏதாவது தடம் தெரியணுமே. உங்களுக்கு ஒண்ணு, ரெண்டுல மட்டும்தான் இருக்கு. இப்ப ஜி கார்ட் பிடிச்சுப் பாருங்க, முதல் கம்பில விரல் எங்க போகுது? மூணாவது ஃப்ரெட். நாலு விரல் ஜி பிடிக்கறவரா இருந்தா ரெண்டாவது கம்பிலயும் அங்கயேதான். டி பிடிங்க, ரெண்டாவது கம்பி மறுபடி மூணாவது ஃப்ரெட். தம்பி, அந்தப் பள்ளம் உங்க விரல் போட்டது. ஆறு மாசத்துல அவ்வளவு விழுந்திருக்குன்னா நீங்க தேவைக்கு மேல ரொம்ப அழுத்தி வாசிக்கறீங்கன்னு அர்த்தம். கேப்போவ மூணுல மாட்டி ஜி ஷேப் வாசிச்சிருந்தா உங்க விரல் ஆறாவது ஃப்ரெட்டுக்குப் போயிருக்கும், மூணாவது ஃப்ரெட்டு மேல கம்பி சும்மா உக்காந்திருக்கும், உரசல் ரொம்பக் கம்மி. ஃப்ரெட்ட காப்பாத்தறேன்னு கேப்போவக் கழட்டி, எத காப்பாத்தணுமோ அதையே தினமும் தேய்ச்சிட்டிருக்கீங்க.

ஃப்ரெட் கம்பிக்கு நிக்கல் சில்வர்னு பேரு, ஆனா பொட்டு வெள்ளி கிடையாது அதுல. செம்பு, துத்தநாகம், 18 சதவீதம் நிக்கல், அவ்வளவுதான். முதல் ரெண்டு மெல்லிசு கம்பியும் மேல சுத்து இல்லாத வெறும் எஃகு, நிக்கல் சில்வர விட கடினம், அதனால அதுங்க ரெண்டுக்கும் கீழதான் எப்பவும் முதல்ல தேயும். தேயறதுக்கு உரசல் வேணும். கம்பிய இழுத்து வளைக்கறது, விரல ஆட்டி ஸ்வரத்த நடுங்க வைக்கற வைப்ரேட்டோ, வேர்வை பட்டு துருப்பிடிச்ச கம்பிய மாத்தாம மாசக்கணக்குல ஓட்டறது (துருப்பிடிச்ச கம்பி அரம் மாதிரி), இதெல்லாம்தான் தேய்க்கும். கேப்போவால தேய்மானமே கிடையாதுன்னு சொல்ல வரல. ரெண்டு பழக்கம் நிஜமாவே கெடுதல். ஒண்ணு, மாட்டின கேப்போவக் கழட்டாம கம்பி மேலயே சர்ருனு அடுத்த ஃப்ரெட்டுக்கு நகத்தறது. இன்னொண்ணு, வாசிச்சு முடிச்சதும் அப்படியே மாட்டி வெச்சு பைக்குள்ள போட்டு ராத்திரி பூரா விடறது, அதுவும் இறுக்கமா.

எந்த கேப்போன்னு கேட்டீங்க. அழுத்தத்த நம்ம கையால கூட்டிக் குறைக்க முடியற எதுவும் நல்லதுதான். ஷப்ங்கற கம்பெனியோட கேப்போ மாதிரி லீவர்ல ஒரு திருகு வெச்சது, இல்ல வெறும் ஸ்க்ரூ வெச்சது. ஸ்பிரிங்குக்கு ஒரே பிடிதான், எந்த கிட்டாரா இருந்தாலும் தடிச்ச கழுத்தா இருந்தாலும் அது பாட்டுக்கு கவ்வும், அவசரத்துக்கு மேடைல ஒரு கைல மாத்த வசதி, மத்தபடி வீட்டுல உக்காந்து வாசிக்க ஸ்க்ரூ போதும். வாங்கறப்ப ரப்பர் லேசா வளைஞ்சிருக்கான்னு பாருங்க, உங்க கிட்டாரோட விரல்பலகை லேசா வளைவா இருக்கும், நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாருக்குத்தான் தட்டையானது. எலாஸ்டிக் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டா, ஆறு மாச கிட்டாருக்கா, அந்தப் பேச்சே வேண்டாம்.

மாட்டறது இப்படி. ஸ்க்ரூவத் தளர்த்திட்டு ஃப்ரெட்டுக்கு மேல ஏறாம, தலைப்பக்கமா அத ஒட்டினாப்ல வைங்க. வலது கையால ஒவ்வொரு கம்பியா தட்டிட்டே இடது கையால கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க. முதல்ல கம்பி கரகரன்னு அடிக்கும், இன்னும் அரைச்சுத்து, ஒரு கம்பி தெளியும், அடுத்தது தெளியும், கடைசிக் கம்பி தெளிஞ்ச நொடில கைய எடுத்துடணும். அதுக்கு மேல ஒரு நூல் இறுக்கினாலும் கம்பி உள்ள இழுபட்டு சுருதி ஏறிடும், ட்யூனர்ல முள்ளு வலது பக்கம் போறத கண்ணாலயே பாக்கலாம். அந்த முள்ளுதான் உங்களுக்கு அளவு, அது நகரலன்னா உங்க ஃப்ரெட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

போதும். ஃப்ரெட்டப் பத்தி இதுக்கு மேல ஒரு வரி எழுதறதா இல்ல. நீங்க போறபோக்குல எழுதிட்டுப் போன ஒரு விஷயம் இருக்கே, அதுக்கு வர்றேன்.

"போகப்போக பழகிடும்."

என்ன தம்பி பழகும்? ஆறரைக் கட்டைல பாடற ஒருத்தர அஞ்சு கட்டைக்கு எறக்கினா ஒன்றரைக் கட்டை, கிட்டார் கணக்குல மூணு ஃப்ரெட்டு. மேல எவ்வளவு சுகமா பாடினாலும் மந்தரத்துக்கு, அதான் கீழ் ஸ்தாயிக்கு, வர்றப்ப காத்து மட்டும்தான் வரும், ஸ்வரம் வராது. அது பழக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, தொண்டையோட அமைப்பு. அவங்க உங்ககிட்ட "குரல் நிக்கல"ன்னு வாய் விட்டு சொல்லியிருக்காங்க. ஒரு பாடகி அத சொல்றதே பெரிய விஷயம், நிறைய பேர் சொல்லவே மாட்டாங்க, பேசாம பாடறத நிறுத்திடுவாங்க. நீங்க ஒரு உலோகக் கம்பிக்காகக் கவலப்பட்டு எனக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதறீங்க, அவங்க தொண்டைக்கு அரை வரி. கோவமா வருது, மறைக்க விரும்பல.

கோவம் உங்க மேல மட்டும் இல்ல. நான் பாளையங்கோட்டைல வளந்தவன். 1998 டிசம்பர்ல எனக்கு 17 வயசு, கைல கிட்டார் வந்து ஒரு வருஷம், ஜி, சி, டி, ஈ மைனர் நாலும் தெரியும், அதுக்கே ஊர்ல நான்தான் கிட்டார் வாசிக்கற பையன். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல என் பெரியம்மா மக அக்காதான் முன்ன நின்னு பாடுவா. அவளுக்கு நாலு கட்டைதான் சுகம், எஃப். எனக்கு எஃப் வராது, ஒரே விரல எல்லாக் கம்பிக்கும் குறுக்க அமுக்கற அந்த பார் கார்ட் பிடிச்சா ரெண்டு கம்பி செத்துப் போகும். அதனால எல்லாப் பாட்டையும் ஜி-க்கு ஏத்திட்டேன். ஒரு கட்டைதானேன்னு நினைச்சேன். முதல் ராத்திரி முடிஞ்சு வர்றப்ப அக்கா சொன்னா, "ஏல, கொஞ்சம் எறக்கி வாசியேன், மேல எட்ட மாட்டேங்கு." அந்தக் கட்டைல கார்ட் கிடையாதுன்னு பொய் சொன்னேன். தெரியாதுன்னு சொல்ல வெக்கம். கேப்போன்னு ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியும், ஆனா கேப்போ போடறவன் வாசிக்கத் தெரியாதவன்னு யாரோ சொன்னத அப்படியே மண்டைல ஏத்தி வெச்சிருந்தேன்.

ராத்திரி பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும், பனில, வீடு வீடா. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் மேல போய் போய் கத்தணும். நாலாவது நாள் ஒரு வீட்டு முத்தத்துல பாதிப் பாட்டுல அவ குரல் ரெண்டா பிளந்து நின்னுபோச்சு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல அவ ஒரு கையால சால்வைய கழுத்தோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு என்னத் திரும்பிப் பாத்தா. நான் குனிஞ்சு கம்பியப் பாத்து வாசிச்சிட்டே இருந்தேன், மத்தவங்க பாட்ட இழுத்து முடிச்சாங்க. மறுநாள் அவ வரல.

மறுநாள் சாயந்தரம் சித்தப்பா வந்தார். ஆர்மோனியம் வாசிப்பார், கிட்டார் தொட்டது கூட இல்ல. ஒரு நடராஜ் பென்சில், பழைய சைக்கிள் டியூப்ல வளையமா வெட்டின ரெண்டு ரப்பர். பென்சில மூணாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால கம்பி மேல குறுக்க வெச்சு, கழுத்துக்கு அடில ரப்பர இழுத்து ரெண்டு முனைலயும் மாட்டி, "இப்ப டி புடி"ன்னார். பிடிச்சேன். வந்தது எஃப். நாலு கட்டை. அவ்வளவுதான் அந்த வித்தை, ரெண்டு நிமிஷம் கூட ஆகல. அந்தப் பென்சில வெச்சே மிச்ச ராத்திரியெல்லாம் வாசிச்சேன், வேற யாரோ பாடினாங்க. அடுத்த வருஷம் அக்காவ எல்லாரும் கூப்பிட்டும் வரமாட்டேன்னுட்டா. இப்ப அவ பிள்ளைங்க காலேஜ் படிக்குதுங்க, வீட்டுக்குப் போனா அடுப்படிலேர்ந்து முணுமுணுப்பு கேக்கும், நான் உள்ள வந்தா நின்னுடும். அந்த கிட்டாருக்குத்தான் ரெண்டு தடவ ஃப்ரெட் மாத்தியாச்சு. சில ஆயிரம் ஆச்சு, ரெண்டு வாரத்துல புதுசாட்டம் வந்திடுச்சு.

கேப்போ போடறது கௌரவக் குறைச்சல்னு இன்னும் யாராவது உங்ககிட்ட சொன்னா ஸ்பெயின்ல ஃப்ளமெங்கோ வாசிக்கறவங்களப் பாக்கச் சொல்லுங்க. அங்க பெரிய மேதை பாக்கோ தே லூசியாவ விட விரல் ஓடின ஆள் யாரு, அவரே கேப்போ போட்டுத்தான் நிறைய வாசிச்சிருக்கார். அங்க அதுக்கு செஹீயான்னு பேரு, பழைய செஹீயா ஒரு சின்ன மரத்துண்டு, வயலின்ல இருக்கற மாதிரி ஒரு முறுக்காணி, அதுல சுத்தி இறுக்கற கம்பி. அது எதுக்கு வந்துச்சுன்னா பாடறவருக்காக. பாடகர் வந்து உக்காந்ததும் "மூணுல, போர் மேதியோ"ம்பார், அதாவது கேப்போவ மூணுல போடு, ஏ ஷேப்ல வாசின்னு அர்த்தம். நம்ம ஊர்ல பாடறவங்க "எனக்கு அஞ்சரை"ன்னு சொல்றோமே அதேதான். கட்டைய சொல்றது பாடறவங்க, வாசிக்கறவன் அங்க போகணும். நம்ம கச்சேரில தம்புரா, வயலின், மிருதங்கம் எல்லாம் பாடறவரோட சுருதிக்குத்தான சேருது, மிருதங்கக்காரர் கட்டைக்கு ஒண்ணா வேற வேற மிருதங்கம் தூக்கிட்டு வர்றார். கிட்டார்காரனுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? அவன் பைல ஒரு கேப்போ போதும்.

தேயறதப் பத்தி பயப்படறவங்களுக்கு நான் வீணையக் காட்டுவேன். வீணைல ஃப்ரெட்டுக்கு மெட்டுன்னுதான் பேரு, பாட்டுக்கு சொல்ற அதே மெட்டு. 24 வெண்கல மெட்டு, தேன்மெழுகுல கரித்தூள் கலந்து அதுல பதிச்சிருப்பாங்க. கமகத்துக்கு கம்பிய மெட்டு மேல குறுக்க இழுத்து இழுத்து வாசிக்கறதுல அதுல பள்ளம் விழாம இருக்குமா? விழும். மெழுகும் தளரும். தஞ்சாவூர்ல குடுத்து மேளம் கட்டி, அதான் மெட்டையெல்லாம் மெழுகுல மறுபடி பதிச்சு, வாங்கிட்டு வந்து மறுபடி வாசிப்பாங்க. மெட்டு தேஞ்சிடும்னு கமகத்தக் குறைச்ச வைணிகர் யாரையும் நான் பாத்ததில்ல.

இன்னிக்கு ராத்திரி அந்த ஃப்ரீயா வந்த ஸ்பிரிங் கேப்போவையே எடுங்க, ஸ்க்ரூ வாங்கற வரைக்கும் அது போதும். மூணுல மாட்டி, ஆறு கம்பியையும் ட்யூனர்ல சரி பண்ணிட்டு, நீங்க பிடிக்கற அதே ஜி-ய பிடிங்க, ஆறரைக் கட்டை வந்திடும். ஆனா உடனே பாட்ட ஆரம்பிச்சிடாதீங்க. கீழ இருக்கற வரிய மொதல்ல பாடச் சொல்லுங்க, அப்புறம் மேல இருக்கறத. இன்னும் அரைக்கட்டை ஏத்தணுமா எறக்கணுமான்னு கேளுங்க, நாலுலயும் ரெண்டுலயும் போட்டுப் பாருங்க. ஒரு பாட்டுக்கு சரியா இருந்தது அடுத்த பாட்டுக்கு இருக்காது, ஒவ்வொரு பாட்டுக்கும் கேளுங்க. மாத்தறப்ப நகத்தாம எடுத்து வைங்க. அப்புறம் எனக்கு எழுதறதா இருந்தா உங்க ஃப்ரெட்டு எப்படி இருக்குன்னு எழுத வேண்டாம், அவங்க எந்தெந்தப் பாட்டுக்கு எந்தக் கட்டை சொன்னாங்கன்னு எழுதுங்க.

அன்புடன்,
அண்ணன்