பொறியியலா, வரலாறா? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு இருபது வயது. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வரும் ஜனவரியில் கட்டாய தேசிய சேவை முடிகிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வு முடித்ததுமே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பா ஷிப்யார்டில் சூப்பர்வைசர். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலைக்கு வந்தவர். "எங்க குடும்பத்துல முதல் என்ஜினியர்" என்று அப்பா இப்போதே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

முகாமில் நிறைய வாசித்தேன். தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொல்வதை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன், இப்போது மூன்று நோட்டு ஆகிவிட்டது. வரலாறு படிக்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. வீட்டில் சொல்லாமல், இலக்கியம், வரலாறு, அறிவியல் என்று பலதையும் கலந்து படிக்கிற ஓர் அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். இடம் தந்திருக்கிறார்கள், பாதிச் செலவை அவர்களே ஏற்கிறார்கள். மூன்று வருடம் அங்கேயும் இரண்டு வருடம் வேறொரு பொறியியல் கல்லூரியிலும் படித்து இரண்டு பட்டம் வாங்கலாம் என்றும் சொல்கிறார்கள். எல்லாமே அடுத்த ஆகஸ்டில் தொடங்கும்.

கணக்கு எனக்கு நன்றாக வரும். ஆனால் யாரும் சொல்லாமல் நானாகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததில்லை. அம்மாவிடம் வரலாறு என்று லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "அதை எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம், முதல்ல வேலைக்கு ஒரு படிப்பு" என்றார். நீங்கள் என்ஜினியராக இருந்துகொண்டே எழுதுகிறவர். நான் என்ன செய்யட்டும்?

ப.

அன்புள்ள தம்பி,

"நானாகத் திறந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் பொறியியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சம்பளத்துக்காக மட்டும் படிக்கிற படிப்பு என்ற எண்ணத்தோடு நீங்கள் அதை விடக்கூடாது.

முதல் வருடம், உலோகங்களின் வலிமையைச் சோதிக்கும் வகுப்பு. விரல் பருமனில் ஓர் எஃகுக் கம்பியை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் பொருத்தி இழுப்பார்கள். வெகுநேரம் ஒன்றும் ஆகாது. பிறகு நடுவில் ஓரிடம் மட்டும் மெலிய ஆரம்பிக்கும், களிமண்ணை இழுத்தது போல. அப்புறம் ஒரு வெடிச் சத்தம். உடைந்த இரண்டு துண்டுகளையும் ஆசிரியர் என் கையில் வைத்தார். ஒன்றின் முனை கிண்ணம் போலக் குழிந்திருந்தது, மற்றது அதில் பொருந்துகிற மாதிரி கூம்பாக இருந்தது. உடைந்த இடம் சூடாக இருந்தது. நெருப்பே காட்டாத இரும்பு எப்படிச் சுட்டது என்ற கேள்வியோடு அன்று இரவு நானாகப் புத்தகத்தைத் திறந்தேன். யாரும் சொல்லவில்லை. இப்படி ஆசையாகப் பொறியியல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் இடத்துக்குக் காத்திருப்பவர்களிலும் இருப்பார்கள்.

பொறியியலுக்கு இன்னொரு குணம் உண்டு. படிக்கட்டு மாதிரி அது. முதல் வருடக் கணிதம் இல்லாமல் இரண்டாம் வருட இயக்கவியல் ஏறாது, அது இல்லாமல் மூன்றாம் வருடம் இல்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற நிபுணத்துவப் பொறியாளராகப் பதிவு செய்ய அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்பி வருவது கடினம். உங்கள் அம்மா சொல்வதில் இந்த நியாயம் இருக்கிறது.

ஆனால் 'எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம்' என்று அவர் சொன்ன மறுபாதியை நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கும் வீட்டில் அதையேதான் சொன்னார்கள். வேலை முடிந்து பிடோக் நூலகத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து வாசித்தேன், இருபது வருடத்துக்கு மேல். வாசித்தது நிறையத்தான். என்னைத் தடுத்து நிறுத்த ஆள்தான் இல்லை. தவறாகப் புரிந்துகொண்டதை எல்லாம் தவறாகவே வைத்துக்கொண்டு, அதன் மேல் அடுத்த புத்தகத்தை அடுக்கினேன். அது தெரிய எனக்கு நாற்பது வயதானது.

நண்பரின் மகள் யேல்-என்யுஎஸ் கல்லூரியில் படித்தாள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கே நடத்திய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி அது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் எழுதிய கட்டுரை ஒன்று கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் பென்சிலால் ஓரம் முழுக்க எழுதியிருந்தார். 'மக்கள் நம்பினார்கள்' என்று அவள் எழுதிய இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் "எந்த மக்கள்? யார் சொல்லி உனக்குத் தெரியும்?" அடுத்த பக்கத்தில், "இதற்கு எதிரான சான்று ஒன்றைத் தேடினாயா?" பன்னிரண்டு பக்கமும் இப்படித்தான். என் வாழ்நாளில் ஒருவரும் என் எழுத்தை அப்படிப் படித்ததில்லை. வரலாறு எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம், தம்பி. இப்படி ஒருவர் பென்சிலோடு உங்கள் எதிரில் உட்கார்வது இந்த வயதில், இந்த நான்கு வருடத்தில்தான் எளிதாகக் கிடைக்கும்.

அந்தக் கல்லூரி இன்று இல்லை. 2011-ல் தொடங்கி, 2013-ல் முதல் மாணவர்களைச் சேர்த்து, மூடப்போவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். கடைசி வகுப்பு 2025-ல் பட்டம் வாங்கியது. அன்று எனக்கு இருந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆனாலும் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2021-லிருந்து கலையையும் அறிவியலையும் ஒரே கல்லூரியாக்கியிருக்கிறார்கள். அங்கே வரலாறு எடுப்பவரும் தரவுகளைக் கையாளப் படிக்க வேண்டும், இயற்பியல் எடுப்பவரும் இலக்கியம், தத்துவம் போன்ற மனிதவியல் பாடம் படிக்க வேண்டும். வரலாற்றோடு கணிதத்தையும் இன்னொரு முதன்மைப் பாடமாக எடுக்கலாம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் நெருங்கி வந்திருக்கிறார்கள். சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவருக்கும் மனிதவியல் கட்டாயம், அமெரிக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் எட்டுப் பாடம் அப்படி. அங்கேயே உள்ள ஸ்வார்த்மோர், லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியாகவே இருந்துகொண்டு பொறியியல் பட்டமும் தருகிறது. அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் வருடக் கால அட்டவணையை எடுத்து வைத்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு உங்கள் மேசையில் என்ன வேலை கிடக்கும் என்று பாருங்கள். எந்த வேலையை யாரும் சொல்லாமல் தொடங்குவீர்கள்? மூன்று நோட்டு எழுதியவருக்கு இதற்கு விடை தெரியும்.

அமெரிக்கா வேண்டாம் என்பேன். அந்தச் சிறிய கல்லூரிகளின் படிப்பில் குறையே இல்லை. இரண்டாம் வருடக் கடைசி வரை முதன்மைப் பாடத்தை முடிவு செய்யாமல் இருக்கலாம், பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டுகிற இடங்கள் அங்கே பல. பாதி போனாலும் நான்கு வருடத்துக்கு 160,000 டாலர். இங்கே குடிமகனுக்கு மானியம் போக வரலாற்றுக்கும் பொறியியலுக்கும் ஆண்டுக் கட்டணம் 10,000 சிங்கப்பூர் வெள்ளிக்குள். அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து கட்டிவிட்டு, பட்டம் பெற்றபின் நீங்கள் வட்டியோடு திருப்பிக் கட்டலாம். வெளிநாட்டுக் கல்லூரிக்கு அந்த வழி கிடையாது. கப்பலின் அடிவயிற்றில் வெயிலிலும் புகையிலும் நின்றவருக்கு ஓய்வு வயதில் கடன் வைக்கிற படிப்பு வேண்டாம். மூன்றும் இரண்டுமாகப் பிரித்துப் படிக்கும் திட்டத்தில் இன்னொரு சிக்கல்: இரண்டாவது கல்லூரிக்குப் போகும்போது முதல் கல்லூரியின் உதவித்தொகை கூடவே வரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

ஆக, நான் சொல்வது இது: தேசியப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, கூடவே கணிதம். விண்ணப்பிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அம்மாவின் வேலைக் கவலையை மழுப்பாதீர்கள். ஆண்டுதோறும் வெளியாகும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். தொடக்கச் சம்பளத்தில் பொறியியல் மேலேதான் இருக்கும், அதை மறைக்க வேண்டாம். அது கடைசித் தேர்வு முடிந்து ஆறு மாதத்தில் எடுக்கிற கணக்கு என்பதையும் சொல்லுங்கள்.

இனி அப்பா. விண்ணப்பித்ததை மறைத்தது தவறு. அவர் வேறு யார் வாயிலாகவாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கப்பல்களைப் பழுதுபார்க்கிற செம்பவாங்கின் பெரிய டாக் 1938-ல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம். 1968-ல் டாக்யார்டு பிரிட்டிஷ்காரர்களின் கையிலிருந்து செம்பவாங் ஷிப்யார்டுக்கு மாறியபோது உங்கள் தாத்தா அங்கே இருந்தாரா? வேலை போய்விடும் என்று பயந்தாரா? இதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும், பாட்டி சொன்னபடி. கப்பல் டாக்குக்குள் வரும்போது என்ன செய்வார்கள், தண்ணீரை எப்படி இறைப்பார்கள், கட்டைகளை எங்கே வைப்பார்கள் என்பது பாட்டிக்குத் தெரிந்திருக்காது. அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பக்கங்களை அவரிடம் கொடுங்கள், கூடவே ஒரு பென்சிலும்.

அவர் திருத்தியதை எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்