டெல்லி உத்தரவை எதிர்த்து கேஸ் போடறது இருக்கட்டும், முதல்ல பில்லை கட்டுங்க

பல்லடம் பக்கம் 500 கேவிஏ (ஒரே நேரத்துல இழுக்கக்கூடிய கரண்ட்டோட அளவு) எச்டி, அதாவது உயர் அழுத்த கனெக்ஷன்ல ஸ்பின்னிங் மில் நடத்துற ஒருத்தர் ரொம்ப நீளமா எழுதி கேட்டிருக்காரு. சுருக்கம் இதுதான். நஷ்டத்துல மூடிக்கிடந்த இறக்குமதி நிலக்கரி ஆலைங்களை மத்திய அரசு மின்சாரச் சட்டத்தோட 11வது பிரிவுல உத்தரவு போட்டு ஓட வெச்சு, அந்த நஷ்டத்தை ஜனங்க தலையில கட்டிடுச்சு, பார்லிமென்ட் பணம் ஒதுக்காம அமைச்சகமே ஒரு லெட்டர்ல இதை செய்யறது அதிகார மீறல், அதனால நான் மூணு மாசமா பழைய ரேட்லதான் பில் கட்டுறேன், இப்ப ஈபில இருந்து 15 நாள் நோட்டீஸ் வந்துருக்கு, ஹைகோர்ட்ல ரிட் போட்டா ஒரே வாரத்துல ஸ்டே வாங்கிடலாம்னு மச்சான் சொல்றாரு, போடலாமா?

போடாதீங்க சார்.

உங்க லெட்டர்ல முக்கால்வாசி ஆதங்கம்தான். தொழில் படுத்துடுச்சு, ஆபீஸ்ல மரியாதையா பேசலை, பெரிய முதலாளிங்களுக்கு ஒரு நியாயம் நமக்கு ஒரு நியாயம், எல்லாம் எழுதியிருக்கீங்க. அதெல்லாம் எந்த கோர்ட்லயும் ஒரு பாரா கூட தேறாது. சட்டப்படி இதுல ஒரே ஒரு கேள்விதான் இருக்கு, உங்க பில்லுல அந்த பணத்தை ஏத்துனது எந்த உத்தரவு? அது டெல்லி உத்தரவு இல்ல.

2022 ஏப்ரல்ல வெயில் கொளுத்தி நாட்டோட டிமாண்ட் 207 கிகாவாட்டை தொட்டுச்சு, இறக்குமதி நிலக்கரி ஆலைங்கள்ல பாதிக்குப் பக்கம் நின்னுட்டு இருந்துச்சு, மே 5ஆம் தேதி மின்சார அமைச்சகம் மின்சாரச் சட்டம் 2003ல 11வது பிரிவுல எல்லாத்தையும் முழு அளவுல ஓட்டச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அந்த உத்தரவு ஆலைங்களுக்கு, உங்களுக்கு இல்ல. அதனால ஆலைக்கு ஆகுற நஷ்டத்தை எப்படி ஈடு கட்டறதுன்னு 11(2)ல முடிவு பண்றது மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அதை கரண்ட் வாங்குற மாநில விநியோக கம்பெனி கட்டும். அதுக்கு அப்புறம் வரவு செலவு கணக்கு, ட்ரூ அப் (ஆன செலவையும் வசூலையும் ஒத்துப் பார்த்து சரிக்கட்டறது)னு சுத்தி வந்துதான் எப்பவாவது உங்க பில்லுல கொஞ்சம் ஒட்டும்.

நீங்க அடிக்கோடு போட்டு காட்டுன ஏத்தம் இருக்கே, டிமாண்ட் சார்ஜ் (அந்த கேவிஏ அளவுக்கு மாசாமாசம் கட்டறது) ஒரு கேவிஏக்கு 350ல இருந்து 550 ரூபா ஆனது, அது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட கட்டண உத்தரவு, 2022 செப்டம்பர் 10ல இருந்து அமல். உங்க 500 கேவிஏல குறைஞ்சபட்சமா பில் போடற 90 சதவீதம்னு கணக்கு போட்டா 450, அதுல ஒரு கேவிஏக்கு 200 ரூபா, மாசம் 90,000 ரூபா கூடுனது அதனாலதான். அப்புறம் 2023, 2024, 2025 ஜூலைல வந்த 2.18, 4.83, 3.16 சதவீத ஏத்தமெல்லாம் அதே உத்தரவுல இருக்குற ஃபார்முலா, விலைவாசி உயர்வு சதவீதம், 6 சதவீதம், இந்த ரெண்டுல எது கம்மியோ அது. அந்த ஆலைங்க வாங்குற இந்தோனேசியா நிலக்கரி விலைக்கும் அந்த சதவீதத்துக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. ரிட்ல 11வது பிரிவு உத்தரவை ரத்து பண்ணச் சொல்லி கேட்டு, ஒரு பேச்சுக்கு ஜெயிச்சுட்டீங்கன்னே வெச்சுக்கோங்க, உங்க பில்லுல ஒரு ரூபா குறையாது.

அதிகார மீறல் வாதமே தப்புன்னு நான் சொல்லலை. 2017 ஏப்ரல்ல எனர்ஜி வாட்ச்டாக்ங்கற நுகர்வோர் அமைப்போட வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லுச்சு, இந்தோனேசியா சட்டம் மாறி நிலக்கரி விலை ஏறினது ஃபோர்ஸ் மஜ்யூர் (ஒப்பந்தத்துல விலக்கு தர்ற, கை மீறின சம்பவம்) இல்ல, கம்மி ரேட்டுக்கு ஏலம் எடுத்தவங்கதான் அந்த ரிஸ்க்கை சுமக்கணும்னு. யூனிட் 2 ரூபா 26 காசுக்கு ஏலம் எடுத்த டாடா பவரோட முந்த்ரா (குஜராத்) ஆலைக்கு கோர்ட் கதவை சாத்துன அஞ்சே வருஷத்துல நிர்வாகம் ஜன்னல் வழியா அதே நிவாரணத்தை குடுத்துடுச்சு, 2023 ஜனவரில டாடா பவர் வழக்குல மத்திய ஆணையமும் ஈடு குடுக்கணும்னுதான் சொல்லுச்சு. அசாதாரண சூழ்நிலைக்குன்னு வெச்ச பிரிவை திரும்பத் திரும்ப நீட்டி 2024லயும் ஓட்டுனா அதுல என்ன அசாதாரணம் இருக்கு? எனக்கும் இது உறுத்தத்தான் செய்யுது. ஆனா அந்த பிரிவோட விளக்கத்துல நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, இயற்கைப் பேரிடர்னு சொல்லிட்டு கடைசில பொதுநலன் சார்ந்த மற்ற சூழ்நிலைன்னும் எழுதி வெச்சிருக்காங்க, கரண்ட் தட்டுப்பாடுன்னு அரசு அஃபிடவிட் போட்டா அதுக்குள்ள போய் நோண்ட நீதிபதிங்க தயங்குவாங்க. போதாக்குறைக்கு அந்த கரண்ட் ஏற்கனவே ஓடி செலவாயிடுச்சு, அதுக்கு காசு குடுக்காதேன்னு எந்த கோர்ட்டும் சொல்லாது.

இப்ப நான் பயப்படுற விஷயத்துக்கு வர்றேன், இதை ரெண்டு தடவை படிங்க. ஸ்டே வாங்கிட்டா பணம் கட்ட வேண்டியதில்லன்னு மில்காரங்க நம்புறாங்க. ஸ்டேங்கறது வசூலை நிறுத்தி வைக்கும், கடனை அழிக்காது. 1997ல கனோரியா கெமிக்கல்ஸ் வழக்குல உ.பி. கம்பெனிங்க கட்டண ஏத்தத்துக்கு ஹைகோர்ட்ல ஸ்டே வாங்கி பழைய ரேட்லயே கட்டிட்டு வந்தாங்க, கடைசில ரிட் தள்ளுபடி ஆனப்ப, ஸ்டே இருந்த காலத்துக்கும் சேர்த்து தாமதக் கட்டணம் கட்டணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எங்கிட்ட வந்த ஒரு மில்லுல இதேதான் நடந்துச்சு, வேற வக்கீல் வாங்குன ஸ்டேயை நம்பி வித்தியாசத் தொகையை தனியா எடுத்து வைக்காம பஞ்சு வாங்கிட்டாங்க, கேஸ் தோத்தப்ப அசலை விட பிபிஎஸ்சிங்கற தாமதக் கட்டணம்தான் மிரட்டுச்சு, கார்டிங் மெஷினை வித்துதான் தவணை கட்டுனாங்க. ஸ்டே கிடைச்ச அன்னைக்கு அந்த ஆபீஸ்ல ஸ்வீட் குடுத்தாங்களாம்.

நம்ம ஊர்லயே 2022 ஆகஸ்ட்ல பார்த்தோமே, ஆணையத்துல சட்ட உறுப்பினர் இல்லன்னு ஹைகோர்ட் மதுரை கிளைல ஸ்பின்னிங் மில் சங்கம் போட்ட கேஸ்ல, அவரை நியமிக்கிற வரைக்கும் இறுதி உத்தரவு போடக்கூடாதுன்னு தனி நீதிபதி சொன்னாரு, சில வாரத்துலயே டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து பண்ணிடுச்சு, செப்டம்பர் 10ல புது ரேட் வந்துடுச்சு. அவ்ளோ வலுவான பாயின்ட்டுக்கே அவ்ளோதான் ஆயுசு.

நீங்களோ ஸ்டேயும் இல்லாம, நீங்களே ஒரு ரேட்டை கணக்கு போட்டு கட்டிட்டு இருக்கீங்க. சட்டத்துல அதுக்கு பேரு பாக்கி. 56வது பிரிவுல ஒரு பாதுகாப்பு இருக்குங்கறது நிஜம், கேக்குற தொகையை முழுசாவோ இல்ல முந்தின 6 மாச சராசரியவோ, எது கம்மியோ அதை ஆட்சேபணையோட கட்டுனா தகராறு முடியுற வரை லைனை வெட்டக்கூடாது. ஆனா நீங்க கட்டுனது அந்த ரெண்டுல எதுவும் இல்ல, உங்க சராசரியே பெரும்பாலும் புது ரேட்லதான் இருக்கும். அப்படி கட்டுனாலும் லைனை வெட்டறது மட்டும்தான் தள்ளிப்போகும், மீதிக்கு சர்சார்ஜ் ஏறிட்டேதான் இருக்கும்.

அப்பீலுக்கும் நேரம் தாண்டிடுச்சு. கட்டண உத்தரவை எதிர்த்து 111வது பிரிவுல டெல்லி அப்பீல் தீர்ப்பாயத்துக்கு 45 நாள்ல போகணும், தகுந்த காரணம் இருந்தா தாமதத்தை மன்னிப்பாங்க, பேப்பர்ல இப்பதான் படிச்சேங்கறது காரணம் ஆகாது. அதை விட்டுட்டு ரிட் போட்டா மாற்று வழி இருக்குன்னு முதல் ஹியரிங்லயே கேப்பாங்க.

அதனால செட்டில் பண்ணிடுங்க. நோட்டீஸ்ல குடுத்த தேதிக்குள்ள எஸ்.இ. (மேற்பார்வைப் பொறியாளர்) ஆபீஸ்ல நேர்ல போய் மூணு மாச பாக்கிக்கு தவணை கேளுங்க, எழுத்துல வாங்குங்க, ஆட்சேபணையோட கட்டறேன்னு ஒரு வரி எழுதி சீல் போட்ட காப்பி வெச்சுக்கோங்க. அப்புறம் உங்க பில்லுங்களை எடுத்து பதிவான டிமாண்டைப் பாருங்க, நீங்க அனுப்புன பில்லுல 350 கேவிஏவை தாண்டவே இல்ல. வருஷம் பூரா அப்படித்தான்னா சாங்ஷனை (அனுமதி வாங்கின அளவை) 400 கேவிஏக்கு குறைக்க எழுதிக் குடுங்க, பில் போடற அளவுல 90 கேவிஏ குறையும், 2025 ஜூலைல வந்த 608 ரூபா ரேட்ல மாசம் 54,720 ரூபா மிச்சம். சீசன்ல 400ஐ தாண்டுனா அந்த கூடுதலுக்கு டபுள் ரேட் போடுவாங்க, அதனால சூப்பர்வைசரைக் கேட்டுட்டு செய்யுங்க.

11வது பிரிவு சண்டையை சங்கத்துக்கு விடுங்க. ட்ரூ அப் மனு ஆணையத்துக்கு வர்றப்ப பொது விசாரணைல, இந்த ஈட்டுத்தொகை எவ்ளோ, எந்த ஆலைக்கு, அதை ஏன் நுகர்வோர் சுமக்கணும்னு எழுத்துல ஆட்சேபணை போடச் சொல்லுங்க. 2017 வழக்குல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சதுல நுகர்வோர் அமைப்பும் இருந்துச்சு, ஆணையத்துல பதிவான ஆட்சேபணைதான் பின்னாடி அப்பீல்ல கைகுடுக்கும். அந்த ஆட்சேபணைல உங்க பேரும் இருக்கட்டும், ஆனா அன்னைக்கு உங்க பில்லுல பாக்கி இருக்கக்கூடாது, எதிர்தரப்பு வக்கீல் முதல்ல எடுத்துக் காட்டுறது அதைத்தான்.